வீட்டு வழியே கடலுக்கு

பெரிய ஆறு ஒன்று வற்றும்போது ஒரு மணம் எழும். காய்ந்த பாசி, செத்த சிப்பி, கப்பல் டீசல், வெயிலில் சூடேறிய கருங்கல் எல்லாம் கலந்த அந்த மணத்தை என் பத்தாவது வயதில் ஒரு கோடை முழுவதும் உடுப்பிலும் தலைமயிரிலும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அம்மா வாசலிலேயே மறித்து, "ஆத்து நாத்தத்தோட உள்ளுக்கு வராதேங்கோ" என்று எங்கள் மூவரையும் குளியலறைக்குத் துரத்துவார். மூவர் என்றால் மூத்தவளான நான், நான்கு வயதுத் தம்பி, எங்களைவிட அதிகமாகச் சேறு பூசிக்கொண்டு நிற்கும் அப்பா.

பான் நகரத்தில், ரைன் ஆற்றின் வலக்கரையில், கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். தெற்கே மலைகளுக்கு நடுவே நெருக்குண்டு, வளைந்து வளைந்து வருகிற ஆறு, எங்கள் நகரத்துக்குச் சற்று மேலேதான் கடைசி மலைக்கூட்டத்தைத் தாண்டிச் சமவெளிக்குள் இறங்கும். அதற்குப் பிறகு கொலோன், பிறகு ஒல்லாந்து, பிறகு கடல் என்று அதற்குத் தடையே இல்லை. மலையிலிருந்து தப்பி வந்த நீர் எங்கள் வீட்டருகில்தான் முதன்முதலாகக் கைகாலை நீட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அப்பாவின் பெயர் சிவராசா. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் பிறந்தவர். அந்தக் குடாநாட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஆறு இல்லை. பெய்கிற மழை கல்லிடுக்குகளால் கீழே இறங்கிக் கிணறுகளுக்குள் போய் இருந்துவிடும். "எங்கட தண்ணி வீட்டோட இருக்கிற தண்ணி, பிள்ளை. இது வேலைக்குப் போற தண்ணி" என்பார். ஓடும் நீரை அவர் முழுதாக நம்பியதில்லை. கரையில் நடக்கும்போது தண்ணீர்ப் பக்கம் அவரும் சுவர்ப் பக்கம் நாங்களும் என்பது மீறக் கூடாத ஒழுங்கு.

ஆனால் அவருடைய வேலையே அந்த ஆற்றில்தான். உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு எதிரோட்டத்தில் கோப்லென்ஸ் வரை போய்த் திரும்புகிற வெள்ளைக் கப்பல் ஒன்றின் கீழ்த்தட்டுச் சமையலறையில் அவர் "கோப்பை கழுவினார்". மேல்தட்டில் இருந்தவர்கள் மலைமேல் கோட்டைகளையும் சரிவில் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டு வைன் குடிக்க, அப்பாவுக்குக் கழுவுதொட்டிக்கு மேலே வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதில் பாதி வானம், பாதி தண்ணீர். எண்ணெயும் எலுமிச்சை வாசனைச் சவர்க்காரமும் மணக்கிற கைகளோடு இரவில் வந்து, "இண்டைக்கும் ரைனைக் கழுத்தளவிலதான் பாத்தனான்" என்று சிரிப்பார். கோடை விடுமுறையில் பிற பிள்ளைகள் தகப்பன்மாரோடு திரிய, எங்களுக்குக் கோடையில்தான் அப்பா இல்லை. கப்பல் ஓடும் காலம் அது.

அந்த வருடம் வசந்தத்திலிருந்தே மழை பொய்த்தது. ரைனுக்கு இரண்டு தாய்மார் என்று பிற்பாடு பள்ளியில் படித்தேன். மாரியில் அதற்குப் பால் கொடுப்பது இந்த நாட்டு நடுமலைகளில் பெய்கிற மழை. மோசல், மைன், நெக்கார் என்று கிளையாறுகள் எல்லாம் அப்போது பொங்கிக்கொண்டு வந்து சேரும். கோடையில் அந்தக் கிளைகள் மெலிந்துவிட, ஆல்ப்ஸ் மலையின் உருகும் பனி பாதி நாட்டைத் தாண்டி வந்து ஆற்றைக் காப்பாற்றும். அந்தக் கோடையில் மழைத்தாய் கைவிட்டாள். பனித்தாய் அனுப்பியது போதவில்லை. மணலும் நிலக்கரியும் ஏற்றிவரும் நீண்ட சரக்குப் படகுகள் தரை தட்டிவிடும் என்ற பயத்தில் சரக்கைக் குறைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு உயர்ந்து மிதந்தபடி போயின. ஆவணி பிறக்கும் முன்பே வெள்ளைக் கப்பல் துறையோடு கட்டப்பட்டது. தண்ணீர் ஏறும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி அப்பாவை அனுப்பிவிட்டார்கள்.

"நீட்ரிக்வாசர்" என்ற சொல் அந்த நாட்களில் எல்லார் வாயிலும் இருந்தது. ஆற்றில் நீர் தாழ்ந்துபோன நிலைக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல். பாண் கடையில், பஸ் தரிப்பில், மாடிப்படியில் எங்கும் முதியவர்கள் அதை நோயின் பெயரைச் சொல்வதுபோல் தணிந்த குரலில் சொல்வார்கள். எனக்கும் தம்பிக்கும் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. காலையில் எழும்பி வந்தால் குசினியில் அப்பா இருப்பார் என்பதே அதன் பொருள்.

மத்தியானம் சாப்பிட்டதும் நாங்கள் ஆற்றுக்குள் இறங்குவோம். வழக்கமாக ஆளுயரத் தண்ணீருக்குக் கீழே கிடக்கும் இடமெல்லாம் வெளியே வந்து, வளைவின் உட்பக்கத்தில் ஒரு பெரிய கல்மேடு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கரையிலிருந்து நடு ஆற்றை நோக்கிக் கருங்கற்களால் கட்டிய குறுக்கு அணைகளும் முழு நீளத்துக்குத் தெரிந்தன. ஓட்டத்தை நடுவில் ஒடுக்கி ஆழம் குறையாமல் வைத்திருக்கக் கட்டியவை அவை. ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயர் "பூனெ". அப்பாவின் வாயில் அது முதல்நாளே பூனையாகிவிட்டது. "பூனையில ஓடாதேங்கோ, பாசி வழுக்கும்", "பூனையின்ர வாலுக்குக் கிட்டப் போகாதேங்கோ, அங்க சுழி" என்று அவர் கத்த, அருகில் துவாய் விரித்துக் கிடந்த வெள்ளைக்காரர் எங்கே பூனை என்று திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்து நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

தண்ணீருக்கு அருகே போக அவர் ஒரு பாடம் வைத்திருந்தார். பெரிய கப்பல் ஒன்று கடந்தால் முதலில் கரைத்தண்ணீர் பின்வாங்கும். ஆறு மூச்சை உள்ளே இழுப்பதுபோல் கற்கள் சலசலத்துக்கொண்டு வெறுமையாகும். அதைக் கண்டு ஆசைப்பட்டு இறங்கினால், அடுத்த கணம் இழுத்த தண்ணீர் எல்லாம் திரும்பி வந்து முழங்காலை வாரிவிடும். "பின்னுக்குப் போறதைக் கண்டு ஏமாறாதேங்கோ. அது திரும்பி வரும்" என்று எங்கள் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

கல்மேட்டில் உலகமே கிடந்தது. மோசல் பக்கத்து மலைகள் அனுப்பிய தட்டையான பலகைக்கல், தெற்கிலிருந்து உருண்டு வந்த சிவந்த மணற்கல், முட்டைபோல் வெள்ளைக் கல். ஐஃபல் மலையில் எப்போதோ வெடித்த எரிமலை துப்பிய நுரைக்கல்லும் கிடந்தது. அதைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும். கல் மிதப்பதைக் கண்ட தம்பி ஒவ்வொரு கல்லாக எடுத்து ஆற்றில் போட்டுப் பார்த்து, அவை மூழ்க மூழ்க அழுதான். கல்லுகளுக்கு இடையில் மஞ்சள் நிறத்தில், விரல்நகம் அளவில், வரிவரியாகச் சிப்பிகள் குவிந்து கிடந்தன. அவை ஆசியாவிலிருந்து கப்பல்களோடு வந்து இங்கே பெருகியவை என்று என் வகுப்பு ஆசிரியை சொன்னதை நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். "அப்ப இதுவும் எங்களைப்போல ஒளிச்சு வந்து அசூல் அடிச்சதுதான்" என்றார். அகதியாகத் தஞ்சம் கேட்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் சிரிப்புக்குரிய இடமாக அது அதிக நாள் இருக்கவில்லை. அணைகளுக்கு இடையே குளம்போல் தேங்கிய தண்ணீரில் மீன்குஞ்சுகள் அகப்பட்டுக்கொண்டன; நாள் செல்லச் செல்லத் தண்ணீர் சூடாகி, அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாம்பல் நாரைகள் ஒற்றைக்காலில் காத்து நின்றன. அப்பா வீட்டிலிருந்து தயிர் வாளி ஒன்றைக் கொண்டுவந்தார். குட்டையில் அள்ளி, கல்லுகளின்மேல் தள்ளாடி நடந்து, ஓடும் தண்ணீரில் ஊற்றி, திரும்பி வந்து மறுபடி அள்ளுவதே எங்கள் விளையாட்டானது.

ஒரு நாள் விலாங்கு மீன்கள் வந்தன. சூட்டைத் தாங்காமல் நோய் பிடித்த விலாங்குகள், அப்பாவின் கை நீளத்தில், வெள்ளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு ஆற்றோடு ஒதுங்கின. ஒன்றில் இன்னும் உயிர் இருந்தது. அப்பா தன் துவாயால் அதை ஏந்தி, முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் எதிரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். கையை எடுத்ததும் அது புரண்டது. மறுபடி பிடித்தார், மறுபடி புரண்டது. பிறகு கரைக்கு வந்து பூனையின் கல்லொன்றில் குந்தி, வயிற்றை அமத்திப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"அப்பா, நோகுதோ?"

"ஒண்டுமில்லை, குஞ்சு. குனிஞ்சு நிமிந்ததில பிடிச்சிட்டுது."

அந்தக் கோடையில் அவர் பலமுறை அப்படிக் குந்தியிருந்தார். முகம் மஞ்சளடித்ததை அம்மாதான் முதலில் கண்டார். டாக்டரைப் பார்க்க நாள் குறித்து "டெர்மின்" எடுத்து, அங்கிருந்து இன்னொரு டெர்மின், பிறகு மலைமேல் இருந்த பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள், வெட்டி எடுக்க ஏலாத இடத்தில், கட்டி. பெரியவர்கள் எங்களுக்குச் சொன்னது "அப்பாவுக்கு வயித்தில புண், மாறிவிடும்" என்பதுதான்.

ஆஸ்பத்திரி யன்னலால் பார்த்தால் அக்கரை மலைகள் தெரியும். நடுவில் பள்ளத்தில் ஓடும் ஆறு தெரியாது. அதனால் ஒவ்வொரு நாளும் நான் போனதும் அவருடைய முதல் கேள்வி ஆற்றைப் பற்றியதாக இருந்தது.

"தண்ணி எப்பிடி?"

"இன்னும் குறைஞ்சிட்டுது அப்பா. பூனையின்ர வால் முழுக்க வெளியில."

"குறையட்டும், குறையட்டும். பிறகு ஏறத்தானே வேணும். தண்ணி ஏற, கப்பல் வெளிக்கிடும். கப்பல் வெளிக்கிட நானும் வெளிக்கிடுவன்."

அவர் ஆறுதலுக்குச் சொன்னார். நான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன். விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கியபோது வகுப்பில் ரைன் ஆற்றைப் படித்தோம். சுவருக்கு ஒட்டி மிஞ்சிய கடதாசிச் சுருளின் பின்பக்கத்தில் ஆற்றை முழுநீளத்துக்கு நீலப் பென்சிலால் வரைந்தேன். உச்சியில் பனிமலை, அதற்குக் கீழே பெரிய ஏரி, பிறகு அருவி, பாசல் நகரத்தில் வடக்கே திரும்பும் முழங்கை, நேராக்கப்பட்ட நீண்ட பகுதியில் கார்ல்ஸ்ரூஹே, மைன்ஸ், மலையிடுக்கு, கோப்லென்ஸ், நாங்கள், பிறகு கொலோன், கடைசியில் கடல். அதை ஆஸ்பத்திரிக் கட்டிலின் மேல் விரித்தபோது அப்பாவின் நெஞ்சிலிருந்து கால் வரைக்கும் ரைன் கிடந்தது. அவர் விரலால் தொட்டுக்கொண்டே வந்து, "இஞ்ச மழை பெஞ்சா எங்களுக்குத் தண்ணி வர எத்தினை நாள் செல்லும்?" என்று கேட்டார். ஒரு கிழமையளவில் வரும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நான் சுவிஸ் நாட்டு வானத்துக்காக வேண்டத் தொடங்கினேன்.

இலைகள் பழுத்த பிறகே மழை வந்தது. முதலில் எங்கள் மலைகளில், பிறகு தெற்கே எங்கும். ஆறு பழுப்பாகி, குட்டைகளை ஒன்றாக்கி, ஒரு பின்னேரம் கல்மேட்டின் முதுகையும் மூடியது. அதைக் கண்ட மகிழ்ச்சியில் நான் பள்ளிப்பையோடு கரையெல்லாம் ஓடினேன். அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் அம்மா முகத்தை மூடிக்கொண்டு இருந்ததைக் கண்டும் எனக்குப் புரியவில்லை. உள்ளே போய்க் காதருகில் குனிந்து சொன்னேன்.

"அப்பா, தண்ணி வந்திட்டுது!"

அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "வந்திட்டுதே?"

"ஓம். மேடு தெரியேல்லை. நாளைக்குக் கப்பல் விடுகினமாம்."

"நல்லது, குஞ்சு" என்றார். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். வெள்ளைக் கப்பல் கொடிகளோடு எதிரோட்டத்தில் கிளம்பிப் போன அதே வாரம் அப்பா இறந்தார்.

அவரை எரித்த பிறகு எழுந்த பிரச்சினை சாம்பல். ஊரில் என்றால் கீரிமலைக் கடலில் கரைப்பார்கள். ஜெர்மனியில் சாம்பலை ஆற்றில் விடச் சட்டத்தில் இடமில்லை. மயானத்தில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் முறையான கப்பலில் கொண்டுபோய்க் கடலில் விட வேண்டும். அப்பாவின் தமையன், ஹம்பேர்க் துறைமுகத்தில் வேலை செய்த பெரியப்பா, அந்தக் கப்பலுக்கு எல்லா ஏற்பாடும் தான் செய்வதாகச் சொன்னார். எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, அழுது வீங்கிய கண்ணோடு, அவர் பேசியதில் நியாயம் இருந்தது.

"கடல் எண்டது ஒண்டுதான், தங்கச்சி. இந்தக் கடலில விட்டா எங்கட கடலுக்குப் போய்ச் சேருவான். நான் எல்லா அன்ட்ராக் விண்ணப்பமும் குடுத்து முடிக்கிறன். நீர் ஒண்டுக்கும் யோசிக்காதேயும்."

அம்மா அவர் சொல்லைத் தட்டியதே இல்லை. அன்று தலையைக் குனிந்துகொண்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"அத்தான், அப்பிடி விட்டா அவர் இந்தப் பக்கம் வரமாட்டாரே."

யாருக்கும் விளங்கவில்லை. அம்மாவுக்குமே அதை விளக்கிச் சொல்ல முடியவில்லை. கடைசி நாட்களில் அப்பா வீட்டுக்கு வர ஆசைப்பட்டதும், கூட்டிவர ஏலாமல் போனதும் அவர் நெஞ்சில் முள்ளாக இருந்திருக்கிறது. ஒரு தரம் வீட்டைக் கடந்து போகட்டும் என்பதே அவர் கேட்டது. சுவிஸ் நாட்டுப் பாசலில் இருந்த அம்மாவின் தம்பி, ரவி மாமா, தொலைபேசியில், "இஞ்ச ஆத்தில விடத் தடையில்லை, அக்கா. வாறதெண்டா வாங்கோ" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கடலுக்குப் போக வேண்டியவனை மலைப்பக்கம் கொண்டுபோவதா என்று கேட்டார். குரல் உயர்ந்தது. செத்தவீட்டில் சண்டை வந்துவிடும் போலிருந்தது.

நான் சுருளைக் கொண்டுவந்து தரையில் விரித்தேன். பெரியவர்களின் பேச்சுக்குள் நுழைந்தது அதுவே முதல்தடவை.

"பெரியப்பா, பாசலில விட்டாலும் கடலுக்குத்தான் போகும். ஆறு ஒண்டுதான். முதல் எங்களட்ட வந்திட்டுப் போகும்."

பெரியப்பா கதிரையை விட்டு இறங்கித் தரையில் இருந்தார். நீலக்கோட்டைப் பாசலிலிருந்து கண்ணால் பின்தொடர்ந்து, பானில் சற்று நின்று, கொலோன் வழியாகக் கடலுக்குப் போனார். பிறகு தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சரி, பிள்ளை. வீட்டால போகட்டும்" என்றார்.

பாசலில் ஆறு எங்கள் ஆறு மாதிரி இல்லை. பச்சை நிறத்தில், ஒடுங்கி, அவசரமாக இருந்தது. மாரிக்குளிரில் ரவி மாமாவும் பெரியப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்படிகளால் தண்ணீருக்குள் இறங்கினார்கள். தம்பியின் சின்னக் கையைப் பெரியப்பா தன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, இருவருமாகச் சாம்பலை விட்டார்கள். அது சாம்பல்நிற ஆடையாக ஒரு கணம் மேலே விரிந்து, ஓட்டத்தில் முறுக்குண்டு, பூக்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் கீழே இறங்கிப் போனது. போகிற கப்பல்களுக்குக் கை காட்டிப் பழகிய தம்பி, படியில் நின்று அதற்கும் கை காட்டினான். பெரியப்பா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

மறுநாள் ரயிலில் திரும்பினோம். மைன்ஸ் தாண்டியதும் ரயில் ஆற்றோடு ஒட்டிக்கொண்டு ஓடும். அம்மா யன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். இடுக்கான மலைகளுக்கு நடுவில் சரக்குப் படகுகளை ஒவ்வொன்றாக நாங்கள் முந்தினோம். ரயில் ஆற்றைவிட வேகம் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

"அம்மா, நாங்கள் அப்பாவை முந்தி வந்திட்டம்."

"மெல்ல வரட்டும்" என்றார் அம்மா. "இனி என்ன அவசரம் அவருக்கு. வேலைக்குப் போற இடமெல்லாம் பாத்துப் பாத்து வரட்டும்."

அந்தக் கிழமை முழுவதும் பள்ளி விட்டு வந்ததும் நாங்கள் கரைக்குப் போனோம். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது; கணக்குப் பார்க்க அம்மா விரும்பவும் இல்லை. ஒருநாள் காலையில் மட்டும் அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் மாசிச் சம்பலும் வைத்தார். செத்தவீட்டுத் துடக்கு முடிந்த பிறகு அவர் முதன்முதலாக மனம்வைத்துச் சமைத்த சமையல் அது. பின்னேரம், குளிர்ச்சட்டைக்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு, தம்பியை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, ஆறு இன்னும் மூடாமல் விட்டிருந்த கல்லணையின் தலைப்பக்கத்தில் போய் நின்றார். தண்ணீர் பழுப்பாக, பருத்து, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குசினியிலிருந்து அறைக்குள் இருப்பவரைக் கூப்பிடும் அதே குரலில் அம்மா கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ."

ஆறு போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளையள் நிக்கினம். பாத்திட்டுப் போங்கோ."

பிறகு எங்கள் இருவரையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி நிறுத்தினார், வந்த விருந்தாளிக்குப் பிள்ளைகளைக் காட்டுவதுபோல. நான் அழவில்லை. சப்பாத்துக்கு முன்னால் தண்ணீர் ஏறி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் கரைக்குப் போகவேண்டும் என்று அம்மா சொல்லவில்லை.

இப்போது எனக்கு அப்பா இறந்த வயது நெருங்குகிறது. பான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, இன்று கார்ல்ஸ்ரூஹேயில் ஆற்றின் அடிச்சேற்றை ஆராயும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பாசலுக்குக் கீழே ரைனை மின்சாரத்துக்காக அணைக்குமேல் அணையாக மறித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பத்து வயதில் நான் வரைந்த நீலக்கோடு அறியாது. அணைகளுக்குப் பின்னால் நீர் ஏறக்குறைய நின்றுவிடும். சுமந்து வந்ததையெல்லாம் அங்கே கீழே போட்டுவிடும். அந்தச் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அடுக்கடுக்காக அறுத்துப் பார்ப்பது என் வேலை. மேலே எடுத்த சேற்றைக் கையுறையோடு தொடும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு தயக்கம் வரும். கூட வேலை செய்பவர்களிடம் நான் அதைச் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் அம்மா என்னிடம் வந்து தங்கியிருந்தபோது, கார்ல்ஸ்ரூஹேக்கு மேலே உள்ள கடைசி அணையைப் பார்க்க ஆசைப்பட்டார். மீன்கள் ஏறிப்போக அங்கே படிப்படியாகத் தண்ணீர்வழி கட்டியிருக்கிறார்கள். வெகுகாலம் இந்த ஆற்றில் இல்லாமல் போயிருந்த சால்மன் மீன் கடலிலிருந்து அதனூடே மேலே போகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மீன் எதிரோட்டத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றதை அம்மா ரசித்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, அணையின் மேல்பக்கத்தில் அசையாமல் கிடந்த அகன்ற நீரைக் கண்டார். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இஞ்ச தண்ணி ஓடேல்லையே, பிள்ளை."

"மெல்ல ஓடும், அம்மா."

"இது மாதிரி மேலயும் இருக்கோ?"

"ஓம். பாசல் வரைக்கும் இருக்கு."

"அண்டைக்கும் இருந்ததோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அம்மா. அப்பாவும் கொஞ்சம் எங்கயாவது தங்கியிருப்பார். தண்ணியில கரைஞ்சது மட்டும் வந்திருக்கும்" என்றேன்.

அம்மா வேலியிலிருந்து கையை எடுத்து, சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"கரைஞ்சது காணும்" என்றார். "கரைஞ்சது போதும் எனக்கு."

அம்மா இப்போது பானில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆறு அங்கிருந்து தொலைவு. பெரியப்பா போய்விட்டார். வெள்ளைக் கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். விலாங்குகள் மிக அருகிவிட்டன. கோடையில் கரையில் வலை போடுபவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் கருங்கடல் பக்கத்திலிருந்து வந்து பெருகிய, பெருந்தலைக் குட்டி மீன்கள்தான். ஒரு காலத்தில் அதிசயமாகப் பேசப்பட்ட நீட்ரிக்வாசர் அடிக்கடி வந்துபோகிறது. ஆல்ப்ஸில் பனியாறுகள் ஆண்டுக்காண்டு சுருங்குவதை நானே ஏறிப்போய்ப் பார்த்திருக்கிறேன். நான் பிள்ளையாக இருந்தபோது பனி கிடந்த இடத்தில் இப்போது சாம்பல்நிறப் பாறைப்பொடியும் அதன்மேல் சிறிய மஞ்சள் பூக்களும் இருக்கின்றன. வற்றிய கோடையிலும் எங்கள் ஆற்றுக்கு மிச்சமாக ஓடி வந்தது அந்தப் பனியின் தண்ணீர்தான். அது இனி அதிக காலத்துக்கு இல்லை.

தம்பி பானிலேயே இருக்கிறான். அவனுக்கு அப்பாவின் முகம் படங்களில் பார்த்த முகம்தான், குரல் நினைவில்லை. அவனுக்கென்று இருக்கிற ஒரே நினைவு கல்மேட்டில் நிற்பது. காலுக்குக் கீழே கற்கள் சலசலக்க, ஒரு ஈரமான பெரிய கை அவன் கையை இறுக்கிப் பிடித்திருக்க, வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு கப்பல் போகிறது. "அந்தக் கை அப்பாவின்ர கைதானே, அக்கா?" என்று வளர்ந்த பிறகும் இரண்டொரு தடவை கேட்டிருக்கிறான். ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.

கப்பல்பாதையை ஆழமாக்க, கல்மேடு இருந்த வளைவில் கற்களை வாரி எடுத்தார்கள். ஓட்டம் வேறு பக்கமாக அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வற்றிய கோடையிலும் தம்பி வேலை முடிந்து சைக்கிளில் அங்கே போய் நின்று பார்க்கிறான். ஆறு எவ்வளவு இறங்கினாலும் அந்த மேடு இப்போது வெளியே வருவதில்லை.